"அனைவரும் வருக" என்று அச்சடித்தால் போதுமா?

(கும்மிடிப்பூண்டி அருகே நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்துக்கு நாம் அடித்த துண்டறிக்கையின் கடைசி வரி: "அனைவரும் வருக". எல்லாக் கூட்டத்துக்கும் அப்படித்தான் அடிக்கிறோம். போன வாரம் அதை எடுத்துக்கொண்டு எங்கள் காலனியில் வீடு வீடாகப் போனேன். ஓர் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கப்பா நடக்குது?" என்று கேட்டார். "ஊருக்குள்ள, மண்டபத்துல" என்றேன். "அப்ப நாங்க வெளியிலதான நிக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். சாதி ஒழிப்புக் கூட்டத்துக்கு அழைக்கப் போன என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இயக்கத்துக்கு வந்த பிறகு எனக்கு இந்த மண்டபம் பழகிவிட்டது. அவருக்கு இது இன்னமும் ஊர் மண்டபம்தான்.

நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. கேன்டீனில் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே சாம்பாரை ஊற்றிச் சாப்பிடுகிறோம். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்புகிறோம். எங்கள் சாலையில் பஸ் இரண்டு இடத்தில் நிற்கும். ஊர் நிறுத்தத்தில் என் நண்பன் இறங்குவான், காலனி நிறுத்தத்தில் நான் இறங்குவேன். எட்டு மணி நேரம் ஒரே மிஷினில் நிற்கிறவன் வீட்டுக் காதுகுத்துக்கு எனக்குப் பத்திரிகை வராது. தொழிற்சாலை வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் ஒரு நாள் அந்த பஸ்ஸில் ஏறிப் பார்க்கட்டும்.

ஓர் இடம் பொது என்று எழுதிவைப்பதால் அது பொது ஆகிவிடுவதில்லை. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, கிணறு, குளம், பொது அலுவலகம் எதற்கும் எந்தச் சாதியினர் செல்வதற்கும் தடை இல்லை என்பது அது. நிறைவேறியது, அரசாணையும் வந்தது. பம்பாய் சட்டமன்றத்தில் அதற்கு முந்தைய ஆண்டே இப்படி ஒரு தீர்மானம் நிறைவேறியிருந்தது. அதை ஏற்று மகாடு நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனாலும் ஒடுக்கப்பட்ட மக்கள் அந்தக் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் அள்ளிக் குடித்தார். அதற்காக அன்றைக்கே அடியும் வாங்கினார்கள்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். நமது கும்மிடிப்பூண்டி ஒன்றியத்துக்கே வருவோம். ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவராக இருந்தவர் அமிர்தம். 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் வென்று தலைவரானவர். 2020 ஆகஸ்ட் 15 அன்று அவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்து, கண்டனம் எழுந்த பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் மகேஸ்வரி நேரில் வந்து நிற்க, அவர் கொடியேற்றினார். மக்கள் வாக்களித்துத் தந்த உரிமைக்கு ஆட்சியர் காவல் நிற்க வேண்டியிருந்தது. அதே கும்மிடிப்பூண்டி வட்டத்தில், தோக்கமூரில் எழுப்பப்பட்டிருந்த தீண்டாமைச் சுவர் 2023 அக்டோபரில்தான் இடிக்கப்பட்டது.

2022-இல் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் ஆய்வு செய்தது. 20 ஊராட்சிகளில் தலித் தலைவர்கள் கொடியேற்ற முடியவில்லை. 22 ஊராட்சிகளில் தலைவருக்கு உட்கார நாற்காலி இல்லை. தலைவருக்கே நாற்காலி இல்லாத இடத்தில், அந்தக் காலனி அம்மா எங்கே உட்காருவார்?

கிராம சபையைப் பாருங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். கோயில் போன்ற மத வளாகத்தில் நடத்தக் கூடாது. ஒரே இடத்தில் நடத்தாமல் குக்கிராமங்களுக்குச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும். இவை எல்லாம் அரசு போட்ட விதிகள்தான். நடப்பது என்ன? கூட்டம் ஊருக்குள் நடக்கும். எண்ணிக்கை குறைந்தால் நோட்டு நூறு நாள் வேலைத் தளத்துக்கு வரும். எங்கள் பெண்கள் அங்கேயே கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். அவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்கும், அவர்கள் கேட்ட சுடுகாட்டுப் பாதை தீர்மானத்தில் இருக்காது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதிகாரிகளைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடக் கூடாது, தோழர்களே. அம்பேத்கர் பிறந்தநாளைக் காலனிக்குள் நடத்துகிறோம். பெரியார் பிறந்தநாளைக் கடைத்தெருவில் நடத்துகிறோம். ஏன் இப்படி என்று நாம் ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. இந்த வாசிப்பு வட்டத்தைக் காலனியில் வைக்கலாம் என்று நான் முன்பு சொன்னபோது, "ஊர்க்காரத் தோழர்கள் வர மாட்டார்கள்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். இன்று அதைத் திரும்பப் பெறுகிறேன். காலனிக்காரர்கள் ஊருக்குள் வருவதற்கு எத்தனை தலைமுறை அடி வாங்கியிருக்கிறார்கள்! ஊர்க்காரத் தோழர் முந்நூறு அடி நடந்து காலனிக்கு வர மாட்டார் என்றால், அது நமக்கு இப்போதே தெரிந்துவிடுவது நல்லது.

அதனால் சில யோசனைகள் வைக்கிறேன், விவாதியுங்கள். மாதக் கூட்டம் இடம் மாறட்டும்: ஒரு மாதம் காலனி, ஒரு மாதம் ஊர், ஒரு மாதம் இருளர் குடியிருப்பு, ஒரு மாதம் பீகார், ஒடிசா தோழர்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகள். இந்தி தெரிந்தவர் ஒருவர் கூடவே மொழிபெயர்க்கட்டும். ஞாயிறு மாலை ஆறு மணி நமக்கு வசதி, அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கு வசதியா என்று அவர்களையே கேட்டு நேரம் வைப்போம். டீயைக் கடையிலிருந்து வாங்கி வர வேண்டாம், கூட்டம் நடக்கும் தெருவில் ஒரு வீட்டில் போடச் சொல்லுவோம். அங்கேயே, அவர்கள் டம்ளரிலேயே எல்லோரும் குடிப்போம். யார் "இப்பதான் குடிச்சேன்" என்கிறார்கள் என்பதையும் கவனிப்போம்.

அடுத்து அக்டோபர் 2. இந்த முறை கிராம சபையைக் காலனியில் நடத்தக் கோரி, விதியைச் சுட்டிக்காட்டி, ஊராட்சிக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் முன்கூட்டியே மனு கொடுப்போம். மனுவில் ஊர்க்காரத் தோழர்கள் முதல் கையெழுத்துப் போடட்டும். மனு இங்கே மேசை மேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்தை அந்த அம்மா இருக்கும் தெருவிலேயே வைக்கலாம் என்று கேட்டு வந்திருக்கிறேன். வேப்பமரத்தடியைக் கூட்டிவைப்பதாகச் சொன்னார். "எத்தன பேரு வருவாங்க, டீக்குப் பால் சொல்லணும்" என்றார். எத்தனை பேர் என்று நான் போய்ச் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் இப்போது கையைத் தூக்குங்கள், எண்ணிக்கொள்கிறேன்.