ஊராட்சி யாருடைய ஆட்சி?

(தஞ்சைப் பகுதி மாணவர்கள், இளைஞர்கள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

உள்ளாட்சின்னு யார் பேச்சை எடுத்தாலும் உத்திரமேரூர்லதான் ஆரம்பிக்கிறாங்க. பள்ளிக்கூடப் புத்தகமும் அப்படித்தான் சொல்லுது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், 30 குடும்புகள், குடவோலை, கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது என்கிற விதி. உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம்னு பெருமை வேறு. சரி, குடத்துக்குள்ளே யார் பேரைப் போடலாம்? கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் இருக்கணும். சொந்த மனையில் வீடு இருக்கணும். வேதம் தெரிந்திருக்கணும். அது பிரமதேய ஊர், பார்ப்பனச் சபை. இதில் 'சொந்த மனை' என்கிற நிபந்தனையை மட்டும் மனசுல வச்சுக்குங்க. நம்ம காவிரிப்படுகையின் கதை முழுக்க அதுல இருக்கு.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போறவங்க கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறாங்க. கொஞ்சம் குனிந்து சுவரைப் பார்க்கணும். ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கணக்கு அங்கே வெட்டப்பட்டிருக்கு. ஒவ்வொரு ஊரிலும் வரியில்லாத நிலம் எதுன்னு கழித்துக் காட்டுகிறான்: ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில இடத்தில் தீண்டாச்சேரி என்றே இருக்கிறது. ஊர்நத்தம் வேறு, சேரி வேறு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அரசாங்கக் கணக்கில் நம்மை ஊருக்கு வெளியே வைத்து அளந்தாச்சு. பொற்காலம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அந்த ஊர் யாரால் நடந்தது? ஆற்றுத் தண்ணி வாய்க்காலுக்கு வந்து, வயலுக்குப் பாய்ந்து, வடிகாலில் இறங்கணும். அந்த வாய்க்காலை வெட்டியது, தூர் எடுத்தது, கரை உடைந்தால் ராத்திரியில் ஓடிப்போய் அடைத்தது பண்ணையாள். மடை திறந்து மடை அடைத்தவன் சேரிக்காரன். வெட்டியான், தலையாரி என்று ஊர் எல்லை தெரிந்தவனும் அவனே. குடிமராமத்து என்று பெருமையாகச் சொல்கிறார்கள். மராமத்து நம்மோடது, குடி அவர்களோடது. கணக்குப்பிள்ளை வேலையும் மணியம் வேலையும் பரம்பரைச் சொத்தாக இருந்தது. 1980 நவம்பரில்தான் அந்தப் பரம்பரைப் பதவிகளை அரசு ஒழித்தது. அதுவரை நிலம் யார் பேரில் இருக்கிறதென்று எழுதிய கை எந்தச் சாதியின் கை என்று உங்க தாத்தாவைக் கேளுங்க.

இப்போது மனைக்கு வருவோம். சேரியில் குடிசை நம்மோடது, குடிசை நிற்கிற மண் மிராசுதாரோடது. கூலி அதிகம் கேட்டால் வேலை மட்டும் போகாது, குடியிருப்பும் போகும். சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்த காலத்தில், 1940களில், பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரிக்குள்ளேயே தங்கிச் சங்கம் கட்டினார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. ஆனால் மண் மாறவில்லை. இந்த நிலைமையில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தால் என்ன ஆகும்? ஆண்டையின் மனையில் உட்கார்ந்துகொண்டு ஆண்டைக்கு எதிராக ஓட்டுப் போட எத்தனை பேரால் முடியும்? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அடிப்படை அலகாக வைக்க மறுத்துப் பேசினாரே அம்பேத்கர், அவருக்கு இது தெரிந்திருந்தது.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள். ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தச் சாம்பலுக்குப் பிறகுதான் 1969இல் நியாயக் கூலிச் சட்டமும், 1971இல் குடியிருப்பு மனையை அதில் இருப்பவருக்கே உரிமையாக்குகிற சட்டமும் வந்தன. என்னைக் கேட்டால், தஞ்சைத் தலித் மக்களுக்கு முதல் உள்ளாட்சிச் சட்டம் அந்த 1971ஆம் வருஷத்துச் சட்டம்தான். காலுக்குக் கீழே மண் நம்முடையதான பிறகுதான் வாயைத் திறக்க முடிந்தது.

அப்புறம் 73ஆவது திருத்தம், 1994 ஊராட்சிச் சட்டம், இடஒதுக்கீடு, 1996 தேர்தல். 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் தலைவர் முருகேசன் உட்பட 6 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி போன்ற இடங்களில் 2006 வரை தலித் தலைவரை உட்காரவே விடவில்லை. அதெல்லாம் மதுரைப் பக்கம், நம்ம படுகையில் அப்படி இல்லை என்று சிலர் சொல்வார்கள். இங்கே வெட்டரிவாள் வேண்டியதில்லை தோழர்களே, பேனா போதும். தலைவர் பதவிக்குத்தான் ஒதுக்கீடு. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். காசோலையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடணும். துணைத்தலைவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் பைப்பு உடைந்தாலும் மாற்ற முடியாது. அப்புறம் "இந்த ஆளுக்கு நிர்வாகம் தெரியல" என்று டீக்கடையில் பேச்சு. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்திருந்த படம் 2020 அக்டோபரில் ஊரெல்லாம் பரவியதே! அவர் ஜெயித்து வந்தவர். ஓட்டு கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் தலித் என்றால் திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர். எண்ணிக்கை நம்மிடம் இருக்கு, கணக்குப் புத்தகம் இல்லை. அதனால் மாணவர்களுக்கு மூன்று வேலை சொல்கிறேன்.

ஒன்று, உங்க ஊர் அ-பதிவேடும் புல வரைபடமும் வாங்குங்க. சேரி மனை யார் பேரில் இருக்கு, சுடுகாட்டுப் பாதை வரைபடத்தில் இருக்கா, இல்ல யார் வயலில் போகுதுன்னு பாருங்க. கோயில் மனையிலும், மடத்து மனையிலும், வாய்க்கால் புறம்போக்கிலும் இருப்பவர்களுக்குப் பட்டா இன்னும் போராட்டம்தான்.

இரண்டு, குளத்து மீன் குத்தகைப் பணம் பஞ்சாயத்துக் கணக்குக்கு வருதா, 'ஊர்ப்பொது' என்ற பேரில் கோயில் திருவிழாவுக்குப் போகுதான்னு கேளுங்க. சேரி ஊரில் சேர்த்தியில்லை என்றால் அது எப்படிப் பொது? 2005 தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கு.

மூன்று, கிராமசபை. 2022 முதல் வருஷத்துக்கு 6 முறை. அதைச் சேரியில் நடத்தச் சொல்லி மனுக் கொடுங்க. கோயில் வாசலில் நடந்தால் நம்ம பெண்கள் ஓரத்தில் நிற்பார்கள். நம்ம தெருவில் நடந்தால் முன்னால் உட்கார்ந்து கேட்பார்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் எனக்கு உதவுகிற விதி ஒன்றே ஒன்றுதான், கணக்குக் காட்டு என்பது. ஆயிரம் வருஷமாக ஊர் நமக்குக் கணக்குக் காட்டவில்லை. இனிமேல் கேட்போம்.

ஜெய் பீம்.