எஸ்டிமேட்டின் கடைசி வரி



மண்ணின் தாங்குதிறன் முதல் கான்கிரீட் கலவை வரை, இன்று சிவில் இன்ஜினீயரிங் பட்டம் வாங்கும் உங்களுக்கு இங்கே எல்லாம் சொல்லித் தந்திருக்கிறார்கள். எஸ்டிமேட் போடவும் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்த எஸ்டிமேட்டின் அடிப்பகுதியில், தொழிலாளர் நல நிதிக்கென்று ஒரு சதவீதம் வரும். தேர்வில் அதற்குத் தனி மதிப்பெண் கிடையாது, அதனால் பலருக்கு அங்கே கண் நின்றிருக்காது. நான் இன்று பேசப்போவது அந்த ஒரு சதவீதத்தைப் பற்றித்தான். அது அங்கே வந்து உட்கார்ந்ததற்குப் பின்னால் தொழிற்சங்கங்களின் நெடுங்காலப் போராட்டம் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் வெளிநாடு போய்வருவோம். 1856 ஏப்ரல் 21 அன்று மெல்பர்ன் பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்தார்கள். வழியில் மற்ற கட்டட வேலையாட்களையும் சேர்த்துக்கொண்டு நாடாளுமன்றக் கட்டடம் வரை ஊர்வலமாக நடந்தார்கள். எட்டு மணி நேர வேலை வேண்டும் என்பது கோரிக்கை. கூலி குறையாமல் அது கிடைத்தது. இத்தனை சுலபமாக எப்படிக் கிடைத்தது? 1851இல் விக்டோரியாவில் தங்கம் அகப்பட்ட பிறகு ஆட்கள் சுரங்கம் நோக்கி ஓடினார்கள்; நகரத்தில் பணம் கொழித்துப் பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பின. கல் செதுக்கத் தெரிந்தவர்களுக்கு மாற்று ஆள் கிடையாது. அவர்கள் கை ஓய்ந்தால் ஊர் ஓயும்.

நம் கொத்தனாரிடமும் கைத்திறன் இருக்கிறது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்து, சுவர் அரை நூல் சாய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். ஆனால் அதே வழியில் அவரால் வெல்ல முடியவில்லை. சென்னையில் 1918 ஏப்ரல் 27 அன்று பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியபோது, ஆலைக்கு ஒரு வாசல் இருந்தது, ஒரு முதலாளி இருந்தார், குறித்த நாளில் சம்பளம் இருந்தது. கொத்தனாருக்கு அந்த மூன்றும் இல்லை. காலையில் முக்கில் நிற்கிறார். மேஸ்திரி கூப்பிட்டால் போகிறார். மேஸ்திரிக்கு மேலே சப் காண்ட்ராக்டர், அவருக்கு மேலே காண்ட்ராக்டர், அதற்கும் மேலே பில்டரோ வீட்டுக்காரரோ. அடுத்த வாரம் வேறு சைட், வேறு மேஸ்திரி. அவர் யார் வாசலில் கொடி பிடிப்பார்? சாரம் சரிந்து விழுந்தால், "அவன் என் ஆள் இல்லை" என்று ஆளுக்கு ஆள் மேலேயும் கீழேயும் கை காட்டிவிடலாம்.

இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தன. பொறியாளர்களாகிய உங்களுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன். முதலாளி மாறிக்கொண்டே இருப்பார், கட்டடம் நகராது. அதற்கு வரைபட அனுமதி வாங்கியே ஆக வேண்டும். அப்படியானால் அனுமதி தரும் இடத்திலேயே கட்டடச் செலவில் ஒரு பங்கை வாங்கிப் பொது நிதியில் போடு. யாரிடம் வேலை செய்திருந்தாலும் அந்த நிதியிலிருந்து தொழிலாளிக்குக் கொடு. சுமைதூக்குவோருக்காக 1969இல் மகாராஷ்டிரம் கொண்டுவந்த மாத்தாடிச் சட்டத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. ஆனால் சுமை தூக்குபவர் பெரும்பாலும் ஒரே சந்தையில் இருப்பவர். ஊர் ஊராக அலைகிற கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் சித்தாளுக்கும் அதைப் பொருத்தியதுதான் கடினமான வேலை.

1982இல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. வந்து கோப்பில் படுத்துக்கொண்டது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது 1994இல். நடுவில் போன பன்னிரண்டு ஆண்டுகளும் ஊர்வலம், மனு, மறியல், மறுபடியும் மனு. வாரியம் வந்தபோது வசூல் 0.3 சதவீதம்தான். இதற்கிடையில் 1985இல், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில், நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வேண்டும் என்ற இயக்கம் தொடங்கியது. சென்னையிலிருந்து கீதா ராமகிருஷ்ணன் போன்றவர்கள் அதில் முன்னின்றார்கள். 1996இல் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது: ஒன்று வேலை நிலைமைகளுக்கு, மற்றொன்று அந்த ஒரு சதவீதத்துக்கு. கட்டட வேலை தெரிந்தவர்கள் சட்டமும் வரையத் தெரிந்தவர்கள் என்று டெல்லிக்கு அன்றுதான் புரிந்திருக்க வேண்டும்.

பதினெட்டு வயதிலிருந்து அறுபது வரை, ஆண்டில் தொண்ணூறு நாள் கட்டட வேலை செய்தவர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். விபத்து, மகப்பேறு, ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்பு என்று உதவிகள் உண்டு. இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் சிலருக்கே அந்தக் கல்வி உதவித்தொகை வந்திருக்கலாம். வந்திருந்தால் அதைத் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். அப்பா அம்மா கட்டிய கட்டடங்கள் கட்டிய கட்டணம் அது.

இனி, உங்கள் கைக்கு வருகிறேன். கட்டடச் செலவில் ஒரு சதவீதம் என்றால், கட்டடச் செலவு எவ்வளவு என்று சொல்வது யார்? நீங்கள். இரண்டு கோடிக்குக் கட்டுகிற கட்டடத்தை எண்பது லட்சம் என்று காட்டச் சொல்லி ஒருவர் உங்களிடம் வருவார், கண்டிப்பாக வருவார். நீங்கள் தலையாட்டினால் நிதிக்குப் போக வேண்டிய இரண்டு லட்சம் எண்பதாயிரமாகிவிடும். போராடி வாங்கியதை யாரும் ரத்து செய்யாமலே பாதிக்கு மேல் பறித்துவிடலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், இந்தத் தொகையைக் கட்டடம் கட்டுபவரே சுயமாக மதிப்பிட்டுச் செலுத்தட்டும் என்கிறது. சொந்தக் குடியிருப்புக்கு விலக்கு முன்பு பத்து லட்சம் வரை; இப்போது ஐம்பது லட்சம் வரை. நம் ஊர்களில் கொத்தனாருக்கு வேலை கிடைப்பது பெரும்பாலும் எந்த அளவு வீடுகளில் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு இந்த மாற்றம் நல்லதாகப் படவில்லை.

வசூலானதும் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் செலவிடப்படாமல் கிடந்ததை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. அந்த வழக்கைத் தொடுத்ததும் கிருஷ்ணய்யர் தலைமையில் தொடங்கிய அதே இயக்கம்தான்.

சங்கங்களைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போக எனக்கு மனமில்லை. சில இடங்களில் சங்கம் என்பது விண்ணப்பம் நிரப்பித் தரும் கடையாகச் சுருங்கிவிட்டது. சித்தாளாக வேலைக்கு வந்த பெண் இருபது ஆண்டு கழித்தும் சித்தாளாகவே இருக்கிறார். கூட வந்த பெரியாள் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிவிடுகிறார். கூலி உயர்வுக்குக் குரல் கொடுத்த சங்கங்கள் இந்தக் கரண்டிக்காக அவ்வளவு குரல் கொடுக்கவில்லை. இன்னொரு குறையை மௌலிவாக்கம் காட்டியது. 2014 ஜூன் 28 அன்று அங்கே பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அவர்களில் பலர். இன்று நம் சைட்டுகளில் கேட்கும் இந்தியும் வங்காளமும் ஒடியாவும் சங்கக் கூட்டங்களில் கேட்பதில்லை. உள்ளூர்க்காரரின் கூலியை இவர்கள் குறைத்துவிட்டார்கள் என்று புலம்புவது எளிது. அவர்களையும் உறுப்பினராக்கி இரண்டு பேர் கூலியையும் சமமாகக் கேட்பதுதான் சங்கத்தின் வேலை.

கடைசியாக உங்களைப் பற்றி. சைட் இன்ஜினீயராகச் சேரப்போகிறீர்கள். கான்கிரீட் போடும் நாளில் இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள் என்று முன்னால் படித்துச் சென்றவர்களைக் கேளுங்கள். எட்டு மணி நேரம் என்று சொன்னால் சிரிப்பார்கள். 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் விண்ணப்பித்தால் போதும் என்றது. 2001 திருத்தத்துக்குப் பிறகு அங்கே வேலை செய்வோரில் பத்தில் ஒரு பங்கோ நூறு பேரோ, எது குறைவோ, அத்தனை பேர் உறுப்பினராகவும் இருக்க வேண்டும் என்று ஆனது. முன்வரிசையில் மட்டும் ஏழு பேருக்கு மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். உங்களை வேலைக்கு எடுக்க வந்திருக்கும் நிறுவனத்தாரும் இங்கே இருப்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.