அலங்காரம் ஏன் காசிக்குப் போனாள்?



நூல் வெளியீட்டு விழாக்களுக்குப் போய் வருகிறவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். "நேரமின்மை காரணமாக நூலை முழுமையாக வாசிக்க இயலவில்லை, இருந்தாலும்..." என்று தொடங்குவார் சிறப்புரையாளர். அந்த 'இருந்தாலும்' அரை மணி நேரம் ஓடும். ஆசிரியரின் குணநலன் வரும், தமிழின் தொன்மை வரும், தாமும் ஆசிரியரும் ஒரே ரயிலில் வந்த கதை வரும். புத்தகம் மட்டும் வராது. பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை எல்லாம் முடிந்து வாசலில் காபி டம்ளரோடு நிற்கும்போதுதான் யாரோ ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம், "அந்த நாலாவது கதை படிச்சீங்களா? அதுல அந்தக் கிழவி சாவியத் திருப்பிக் குடுக்கிற இடம்..." என்று ஆரம்பிப்பார்.

நான் பேச வந்தது அந்தக் காபிப் பேச்சைப் பற்றி. விடாமல் படிக்கிறவர்கள் சிலர் கூடி, சமீபத்தில் படித்ததைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிடுகிறோம். எனக்கு இது ஒரு கலையாகவே படுகிறது. நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கெடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் எடைபோட்டுப் பார்க்க இடமிருக்கிறது.

தமிழில் இந்தக் கலையை ஓர் அஞ்சலட்டைக்குள் அடக்கிக் காட்டியவர்கள் இரண்டு பேர். வல்லிக்கண்ணன், தி.க.சி. இருவருமே நெல்லைச் சீமைக்காரர்கள். இருவரும் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர்கள். வல்லிக்கண்ணன் 1978இல் 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' நூலுக்காக, தி.க.சி. 2000இல் தம் விமர்சனத் தொகுப்புக்காக. ஆனால் எழுத்தாளர்களிடம் கேட்டால் விருது இரண்டாம்பட்சம், முதலில் வருவது கார்டுதான். எங்கோ ஒரு சிற்றூரில் இருக்கும் பையனின் முதல் கதை ஏதோ ஒரு சிற்றிதழில் வந்திருக்கும். வீட்டில்கூட யாரும் படித்திருக்க மாட்டார்கள். திருநெல்வேலி டவுன் சுடலைமாடன் கோயில் தெருவிலிருந்து தி.க.சி.யின் கார்டு வந்து விழும். கார்டு 15 காசுக்கு விற்ற காலத்திலும் எழுதினார், 50 காசான பிறகும் எழுதினார்.

அந்தக் கார்டின் அளவை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் பாதி விலாசத்துக்குப் போய்விடும். மிச்சம் உள்ள இடத்தில் எந்த இதழ், எந்தக் கதை, எது பிடித்தது, அடுத்து என்ன படிக்கலாம், இவ்வளவுதான் கொள்ளும். கதையைத் திரும்பச் சொல்ல இடம் கிடையாது. எழுதியவருக்கே அவர் கதையை எதற்குச் சொல்ல வேண்டும்? பீடிகைக்கும் இடம் கிடையாது. இன்று கூட்டங்களில் புத்தகம் பேச எழுந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு கார்டைக் கொடுத்து எழுதி வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

குறையும் உண்டு. இருவரும் தாராளமானவர்கள். புதிதாக எழுத வருகிறவரைத் தட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதனால் பாராட்டு கொஞ்சம் அதிகமாகவே வழங்கப்பட்டது. பத்துப் பேருக்கு வந்த பாராட்டில் எட்டுப் பேர் பிற்காலத்தில் எழுதாமலே போனார்கள் என்று கேலி செய்தவர்களும் உண்டு. எழுதாமல் போனதற்குக் கார்டா காரணம்? மிச்சம் இரண்டு பேர் அந்தக் கார்டை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதற்கு எதிர்முனையில் விமர்சகர் க.நா.சு. அவர் பட்டியல் போடுவார். நல்ல நாவல் இவை, நல்ல சிறுகதை இவை, மற்றவற்றில் நேரத்தை வீணாக்காதே. 'படித்திருக்கிறீர்களா?' என்றே ஒரு புத்தகத்துக்குத் தலைப்பு வைத்தவர். ஒரு நல்ல வாசகன் இன்னொருவனிடம் கேட்கும் முதல் கேள்வியே அதுதானே. ஏன் நல்ல நாவல் என்று கேட்டால், படித்துப் பார், தெரியும் என்ற தோரணைதான் பதில். இது சி.சு. செல்லப்பாவுக்குப் போதவில்லை. பிடித்திருக்கிறது என்றால் எந்த இடம், எந்தச் சொல், எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டு என்றார். 1959இல் அவர் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியதே விமர்சனத்துக்கு ஒரு மேடை வேண்டும் என்றுதான். புதுக்கவிதை அந்த வழியாக உள்ளே வந்தது வேறு கதை. ஒருவர் ரசனையை நம்பினார், இன்னொருவர் அலசலை. இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான்: இரவல் அபிப்பிராயம் கிடையாது. படிக்காத புத்தகத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். செல்லப்பா ஒரு படி மேலே போய், தாம் பதிப்பித்த புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார்.

அலசலா, ரசனையா என்ற சண்டையில் என் கட்சி எது என்று கேட்டால், நூலகம் போல, சாதாரண வாசகர்கள் கூடும் இடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒன்று நடக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது.

நம் மாநிலத்துக்கு 1948லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. அந்த வகையில் சுதந்திர இந்தியாவில் முதல் சட்டம் அது. அதன் பலனாகச் சின்ன ஊர்களிலும் கிளை நூலகம் இருக்கிறது, பல நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. சில வட்டங்கள் பெயர்ப் பலகையோடு சரி. எங்கள் ஊரில் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு, மாடியில், பழைய வார இதழ்க் கட்டுகளுக்கு நடுவே. ஒருமுறை தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' எடுத்துக்கொண்டார்கள். 1966இல் வந்த நாவல். நூலகத்தில் இருந்தது ஒரே பிரதி. அது ஒவ்வொரு வீடாகப் போய்வந்து முதுகு பிய்ந்திருந்தது.

படிக்காத நேயர்களுக்காகக் கதையை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். அலங்காரம் என்ற தாய், தன் வாழ்க்கையில் நேர்ந்த பிசகுக்குப் பரிகாரமாக மகன் அப்புவைக் காவிரிக் கரையில் வேதபாடசாலையில் சேர்க்கிறாள். படித்து முடித்த மகன் அவள் கணக்குக்கு அடங்காமல், இந்து என்ற இளம் விதவையோடு அங்கேயே தங்கிவிட, தாய் காசிக்குக் கிளம்பிவிடுகிறாள்.

கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் முதலில் பேசினார். நாவலை அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லிக்கொண்டே போனார். எல்லாரும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம், இருந்தும் சொன்னார். கேட்டவர்களில் பாதிப் பேர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், "குற்ற உணர்ச்சி தாங்காமத்தான் காசிக்குப் போறா. செஞ்ச தப்புக்குப் பிராயச்சித்தம். அதான் நாவலோட செய்தி" என்று முடித்தார்.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் பின்வரிசையிலிருந்து, "எனக்கு அப்படித் தோணல சார்" என்றாள். "தப்பு பண்ணிட்டோம்னு அவ எங்கயுமே தலைகுனிஞ்சு நிக்கல. வீட்டுக்குள்ள ராணி மாதிரிதான் நடக்கிறா. பையன வெச்சுக் கணக்கத் தீத்துடலாம்னு நெனச்சா. பையன் கைய விட்டுப் போயிட்டான். அப்புறம் அந்த வீட்டுல அவளுக்கு என்ன வேலை? அதான் போறா."

"அப்ப காசி எதுக்கும்மா? ராமேஸ்வரம் போகலாம்ல?" என்று பெரியவர் விடவில்லை.

"அது எனக்கும் தெரியல சார். அதனாலதான் ரெண்டாவது தடவ படிச்சேன்."

அப்போது தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா குறுக்கே வந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. "நீங்க ரெண்டு பேரும் அவளையே பேசுறீங்க. அவ புருஷன் அந்தத் தண்டபாணிக்கு எல்லாம் தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டே வாய மூடிட்டு அத்தன வருஷம் இருக்காரு. கத்தியிருந்தா அவ பதிலுக்குக் கத்தியிருப்பா, தீந்திருக்கும். சும்மா இருந்தே கொன்னுட்டாரு. காசிக்கு அனுப்புனது அவருதான்."

மாடியில் சத்தமில்லை. செயலாளர் தம் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அப்புறம் பேச்சு சூடுபிடித்து, தண்டபாணியின் பொறுமை பொறுமையா கோழைத்தனமா என்று போய், நூலகர் சாவிக் கொத்தை ஆட்டிக்காட்டும் வரை ஓடியது.

இந்த மூன்று பேரில் யார் சொன்னது சரி என்பதை விட்டுவிடுங்கள். மூன்று விதமான சொல்லும் முறையைக் கவனியுங்கள். பெரியவர் தீர்ப்பைக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொள்ளலாம், வேறொன்றும் செய்ய முடியாது. அந்தப் பெண் தனக்கு எங்கே இடறியது என்று சொன்னாள். அதில் மற்றவர் நுழைய இடம் இருந்தது. தையல் கடை அம்மா, எல்லாரும் பார்த்தும் பார்க்காத ஓர் ஆளைத் தூக்கி நடுவில் நிறுத்தினார். நாவலை அடுத்த வாரமே நான் மறுபடி எடுத்தேன், தண்டபாணி வரும் பக்கங்களை மட்டும் தேடித் தேடிப் படித்தேன். எத்தனையோ ஆய்வுக் கட்டுரை படித்தபோது செய்யாத காரியம் அது.

நூலகப் புத்தகம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அபிப்பிராயம் சொல்ல ஆள் கிடைக்காதவர்கள் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுகிறார்கள். "சூப்பர்", "போர்", "இது நடக்குமா?" போன்றவை. ஒரு துப்பறியும் நாவலின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை எழுதி அடிக்கோடும் போட்டிருந்த புண்ணியவானைச் சந்திக்க ஆசை. பொதுச்சொத்தில் கிறுக்குவது தவறு, சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த "இது நடக்குமா?" என்ற கேள்விக்குக் கீழே வேறு கையெழுத்தில் "எங்க வீட்டில் நடந்தது" என்று எழுதியிருந்ததை நான் அழிக்கவில்லை.

வாய்ப்பேச்சு ஒரு புத்தகத்தை எவ்வளவு தூரம் தூக்கிச் செல்லும் என்பதற்கு ப. சிங்காரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தார், ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியாக இருந்தார். இளவயதில் இந்தோனேசியாவின் மெடான் நகரில் பிழைத்த அனுபவம். எழுதியது இரண்டே நாவல்கள். 'புயலிலே ஒரு தோணி' எழுதிப் பல வருடம் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து 1972இல்தான் வெளிவந்தது. பெரிய வரவேற்பில்லை. அதைப் படித்த சிலர் சும்மா இருக்கவில்லை, "சிங்காரத்தைப் படிச்சியா?" என்று சந்திக்கிறவரையெல்லாம் கேட்டார்கள். விமர்சகர் சி. மோகன் போன்றவர்கள் எழுதியும் பேசியும் வந்தார்கள். கடையில் கிடைக்காத காலத்தில் பிரதி கைமாறிக்கொண்டே இருந்தது. சிங்காரம் 1997இல் காலமானார். பிறகு மறுபதிப்புகள் வந்தன. இன்று தமிழின் சிறந்த நாவல்கள் என்று யார் வரிசை போட்டாலும் அதை விட்டுவிட்டுப் போட முடியாது. விளம்பரமோ பாடத்திட்டமோ செய்த வேலை இல்லை இது.

இப்போது கைபேசியில் குழுக்கள் இருக்கின்றன. அட்டைப்படத்தோடு தேநீர்க் கோப்பையையும் படம் எடுத்துப் போடுகிறார்கள், கீழே இருபது பேர் கைகூப்புகிறார்கள். படிக்கிறார்களே என்ற அளவில் சந்தோஷம். அதற்கு மேல் பேச அதில் ஒன்றுமில்லை.

எனக்கு உள்ளபடியே கவலை தருவது வேறு. பிடிக்கவில்லை என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் தேய்ந்துவருகிறது. எழுதியவர் அடுத்த தெருவில் இருப்பார், நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டும். ஆகவே மௌனம், அல்லது "அருமை". பிடிக்கவில்லை என்று சொல்வதற்குத்தான் அதிகம் படித்திருக்க வேண்டும், எந்த இடத்தில் நம்பிக்கை அறுந்தது என்று காட்டத் தெரிந்திருக்க வேண்டும். அப்படிச் சொன்ன வாசகர்களால் தமிழுக்கு ஒரு நாவலே கிடைத்திருக்கிறது.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1960களில் 'ஆனந்த விகட'னில் வந்தது. மழை நாளில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறி, கெட்டு வந்து நிற்கும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள் தாய். கதையைப் படித்துவிட்டு ஊரே இரண்டுபட்டது. எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்று கேட்டவர்கள் ஏராளம். ஜெயகாந்தன் சண்டைக்குத் தயங்காத மனிதர், இருந்தும் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். சரி, தாய் ஏற்காமல் கூச்சல் போட்டுவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம், அந்தப் பெண்ணின் கதி என்ன? அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதில் அந்தப் பெண்ணான கங்கா தன்னைப் போன்ற ஒருத்தியின் கதையை ஒரு பத்திரிகையில் படிக்கிறாள். அந்தக் கதையை எழுதியவரும் நாவலுக்குள் ஒரு பாத்திரமாகவே வருகிறார். 1972இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல்.

அதோடும் விவாதம் ஓயவில்லை. கங்கா அப்படிக் குடிக்கத் தொடங்குவாளா, காரில் ஏற்றிக்கொண்ட பிரபு அவ்வளவு நல்லவனா என்று வாசகர்கள் மறுபடி பிடித்துக்கொண்டார்கள். ஜெயகாந்தனும் விடாமல் 'கங்கை எங்கே போகிறாள்' என்று அடுத்த நாவலை எழுதினார். முதல் நாவலோடு அவர் நிறுத்தியிருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். முதல் நாவல் கங்காவை நட்டாற்றில் விட்டுவிட்டு நிற்கிறது, அந்த அந்தரம்தான் அதன் பலம். இரண்டாவதில் அவளுக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்ற அவசரம் ஆசிரியருக்கு வந்துவிட்டது. இல்லை என்பவர்கள் இரண்டையும் படித்துவிட்டு ஒரு கார்டு போடுங்கள்.