பசி தீர்க்க வந்த படை: சோமாலியாவும் ருவாண்டாவும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வல்லரசைக் கண்டித்துப் பேசினால் எந்த மேடையிலும் கைதட்டல் எளிதில் கிடைத்துவிடும். அமெரிக்கா உலகின் காவலனாகத் தன்னை நியமித்துக்கொண்டதற்குச் சான்றாக எல்லோரும் இராக்கைக் காட்டுவர். நான் சோமாலியாவை எடுத்துக்கொள்கிறேன். அங்கே படை சென்றது பசித்தவர்க்கு உணவு சேர்ப்பதற்காக. நல்ல பணி எவ்விடத்தில் தடம் புரண்டது என்பதை அங்கேதான் தெளிவாகக் காண முடிகிறது.

சோமாலியாவில் துப்பாக்கிகள் முளைத்தது எப்படி? சியாத் பர்ரேயின் ஆட்சிக்கு முதலில் ஆயுதம் கொடுத்தது சோவியத் ஒன்றியம். 1977 இல் ஒகாடன் போரின்போது அந்த உறவு முறிந்தது. பின்னர் பெர்பெரா துறைமுகத்தைப் பயன்படுத்தும் உரிமைக்காக அமெரிக்கா அவரை அரவணைத்தது. 1991 சனவரியில் அவர் வீழ்ந்தபோது ஆயுதங்கள் மட்டும் மிஞ்சின. அவற்றைக் குலத்தலைவர்கள் பங்கிட்டுக்கொண்டனர். வறட்சியும் சேர்ந்துகொள்ள, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பசிக்கு இரையாயினர். துறைமுகத்தில் இறங்கிய தானியம் வழியிலேயே கொள்ளை போயிற்று.

1992 டிசம்பர் 3 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 794 ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. 9 ஆம் தேதி அமெரிக்கக் கடற்படை வீரர்கள் மொகதிஷு கரையில் இறங்கினர். கரையில் அவர்களை எதிர்கொண்டவர்கள் பகைவரல்லர், தொலைக்காட்சிப் படக்கருவியாளர்கள்! ஆயினும் நீதியாகச் சொல்ல வேண்டும்: உணவு வண்டிகள் ஊர்களைச் சென்றடைந்தன, உயிர்கள் பிழைத்தன. இதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று.

1993 மே மாதம் பொறுப்பு ஐ.நா. படைக்கு மாறியது, ஆயுதங்களைக் களையும் பணியும் அதன்மீது சுமத்தப்பட்டது. ஜூன் 5 அன்று ஐதீதின் ஆயுதக்கிடங்கைச் சோதிக்கச் சென்ற பாகிஸ்தானிய வீரர்கள் தாக்கப்பட்டு 24 பேர் மாண்டனர். அமைதி காக்கச் சென்ற முஸ்லிம்கள், முஸ்லிம்களின் கையாலேயே மடிந்தனர் என்பதும் நம் நினைவில் இருக்கட்டும். அதன்பின் பணி ஒரு மனிதரைப் பிடிக்கும் வேட்டையாக மாறிற்று. ஐதீதின் தலைக்கு 25,000 டாலர் விலை வைக்கப்பட்டது. ஜூலை 12 அன்று குலப்பெரியோர்கள் கூடியிருந்த ஒரு வீட்டின்மீது அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏவுகணை பொழிந்தன. இறந்தவர் 54 பேர் என்றது செஞ்சிலுவைச் சங்கம். அமெரிக்கத் தரப்பு சொன்ன எண்ணிக்கையோ அதில் பாதிகூட இல்லை. அன்று வரை ஐதீதை வெறுத்தவர்கள்கூட அன்றிலிருந்து அவர் பக்கம் சாய்ந்தனர். ஊர்ப் பெரியவர்களைக் கொன்றுவிட்டு அவ்வூரில் எவரோடு சமாதானம் பேசுவது?

அக்டோபர் 3 இல் நடந்த சண்டை உலகறிந்தது. 18 அமெரிக்க வீரர்கள் இறந்தனர். சோமாலியர் நூற்றுக்கணக்கில் இறந்தனர். 2001 இல் வந்த ஹாலிவுட் படத்தில் முன்னவர்க்குப் பெயரும் முகமும் உண்டு. பின்னவர் வெறும் கூட்டம். 1994 மார்ச் இறுதிக்குள் அமெரிக்கப் படை வெளியேறியது.

பலர் இவ்விடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்வர். ஆனால் அடுத்த வாரமே, 1994 ஏப்ரலில், ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியது. நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு லட்சம் உயிர்கள்! அங்கே ஏற்கெனவே இருந்த ஐ.நா. படையின் தளபதி கூடுதல் வீரர்களைக் கேட்டார். ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு அவை செய்ததோ, சுமார் 2,500 பேர் கொண்ட அப்படையை 270 ஆகக் குறைக்க முடிவெடுத்ததே. மொகதிஷுவில் கைசுட்டுக்கொண்ட அமெரிக்கா, 'இனப்படுகொலை' என்னும் சொல்லை உச்சரிக்கவே தயங்கியது. உச்சரித்தால் தடுக்கவும் வேண்டியிருக்குமே!

அன்பர்களே, 'அந்நியப் படையே வேண்டாம்' என்று முழங்கும்போது எனக்கு ருவாண்டா நினைவுக்கு வந்து நாவைத் தடுக்கிறது. 'வல்லரசு வந்து காக்கட்டும்' என்போரைக் காணும்போதோ, ஜூலை 12 இல் தகர்ந்த அந்த வீடு கண்முன் நிற்கிறது. எப்போது போவது, எப்போது திரும்புவது என்பதைத் தன் வசதியைப் பார்த்து முடிவு செய்பவனிடம் காவலை ஒப்படைத்திருப்பதே இதன் வேர் என்று நான் கருதுகிறேன். பாதுகாப்பு அவையில் ஐந்து நாடுகளுக்கு மட்டும் தடுப்பதிகாரம் இருக்கும்வரை, அந்தக் காவலனைக் கேள்வி கேட்க மன்றமும் இல்லை.

1998 மார்ச் மாதம் அதிபர் கிளிண்டன் ருவாண்டா சென்றார். உலகம் உரிய வேளையில் செயல்படவில்லை என்று ஒப்புக்கொண்டார். உயிர் பிழைத்தவர்களை விமான நிலையத்திற்கே வரவழைத்துச் சந்தித்தார். நகருக்குள் செல்லாமல் சில மணி நேரத்தில் புறப்பட்டுவிட்டார்.