கோவில் களஞ்சியமும் பாபிலோன் சட்டமும்

(அனகாபுத்தூர் நெசவாளர் கூட்டத்தில் பேசியது)



திருப்பாம்புரம் கோவில் கல்வெட்டு ஒன்றைச் சொல்கிறோம். ஆண்டு 1201. சோழ நாட்டில் பஞ்சம். காசுக்கு மூன்று நாழி நெல். வெள்ளாளர் ஒருவர் தம் இரு பெண்மக்களோடு 110 காசுக்குக் கோவிலுக்கே தம்மை விற்றுக்கொண்டார். கணக்குப் போடுங்கள்: 330 நாழி. கலத்துக்கு 96 நாழி. மூன்று உயிருக்கு மூன்றரைக் கலம்கூடத் தேறவில்லை!

அன்றைய கோவில் வெறும் கும்பிடும் இடமல்ல. நிலம், களஞ்சியம், லேவாதேவி எல்லாம் அதுவே. ராஜராஜன் கட்டிய தஞ்சைக் கோவிலின் பணம் ஊர்ச் சபைகளுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டிக்குப் போயிற்று.

நம் நாட்டில் மட்டுமா? இன்றைய இராக்கில், நாலாயிரம் வருஷத்துக்கு முன்பே, சுமேரியர் கோவில்களும் இப்படித்தான். ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே நெய்தார்கள். கூலி, அளந்து போட்ட வாற்கோதுமை.

அங்கே பின்னால் வந்த பாபிலோனியர் ஒரு கதை சொன்னார்கள். சின்ன தேவர்கள் வாய்க்கால் வெட்டிச் சலித்து, கருவிகளைக் கொளுத்தி, எஜமானத் தேவன் என்லில் வீட்டை முற்றுகையிட்டார்களாம். (வேலைநிறுத்தமேதான்!) அவர்கள் பாரத்தைச் சுமக்கவே மனிதன் படைக்கப்பட்டானாம். யாருக்குச் சௌகரியமான கதை, பாருங்கள்!

ஆனால் கி.மு. 18-ம் நூற்றாண்டில் ஹம்முராபி மன்னன் கல்லில் வெட்டினான்: கடனுக்கு விற்ற மனைவி மக்கள் மூன்று வருஷம் உழைத்தால் போதும், நாலாம் வருஷம் விடுதலை. அவனும் சமதர்மி அல்ல. கனவான் கண்ணுக்குக் கண். அடிமையின் கண்ணுக்குப் பாதி விலை.

இந்தியாவில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அதன் பின்னும் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கற்சூளைகளிலிருந்தும் முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பங்கள் மீட்கப்பட்டன. அவர்களுக்கு நாலாம் வருஷமும் வரவில்லை.