இன்வெர்ட்டருக்கும் எர்த் வேண்டும்

2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல். இரண்டிலும் புதுச்சேரிக்காரர்கள் இருட்டில் கிடந்தது மறக்குமா? இப்போது டவுனில் மட்டுமில்லை, பாகூர், வில்லியனூர் பக்கமும் இன்வெர்ட்டர் வந்துவிட்டது.

"பேட்டரி 12 வோல்ட்தானே, என்ன பண்ணிடும்?" என்பீர்கள். பெட்டியிலிருந்து வெளியே வருவது 230 வோல்ட், ஐயா! உள்ளே வயர் நைந்து தகரத்தில் பட்டால் பெட்டியே ஷாக் அடிக்கும். மூணு முள் பிளக்கில் பெரிய முள்தான் எர்த். அதை உடைத்துப்போட்டு ரெண்டு முள்ளில் செருகுவது வேண்டவே வேண்டாம். நியூட்ரலையே எர்த்தோடு முறுக்கிவிடுகிற கைவேலைக்காரரும் உண்டு. வெளியே நியூட்ரல் அறுந்தால் பெட்டி முழுக்கக் கரண்டு ஏறும்.

சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிக் குழி எடுங்கள். 40 மில்லிமீட்டர் ஜி.ஐ. குழாயை இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போடுங்கள். கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் எர்த் வேலை செய்யாது. கடற்காற்றும் உப்பும் இரும்பை அரிக்கும், அதனால் வருஷம் ஒருமுறை லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்து அளந்து பாருங்கள். பியூஸை மட்டும் நம்பாமல், இன்வெர்ட்டர் லைனுக்கென்று தனியாக ஈ.எல்.சி.பி. போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மெயினை நிறுத்தினாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்டு இருக்கும். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். வெள்ளம் வாசலுக்கு வரும்போதே அதையும் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் உள்ளே ஏறிய பிறகு கிட்டே போகாதீர்கள்.