பொருநை நாட்டுப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடல்
(விழா மேடையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ச் சமணர் இல்லம் ஒன்றில் முதியவரிடம் குலவரலாற்றைக் கேட்டால், பாட்டனார் பெயர் வரும், அவர்தம் தந்தையார் பெயர் வரும். அதற்கப்பால் பெரும்பாலும் ஓர் ஊரின் பெயரே எஞ்சும். அவ்வூர் திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி, ஆரணிப் பகுதிகளுள் ஒன்றில் இருக்கும். திருநெல்வேலிச் சீமையின் பெயரைச் சொல்வோர் அரியர். ஆயினும் கழுகுமலைக்கு ஒருமுறை சென்று திரும்பியவர் உள்ளத்தில், “இத்திருமேனிகளைச் செய்வித்தவர் எம் முன்னோரோ?” என்னும் வினா எழாமற் போகாது. அவ்வினாவுக்குச் சான்றுகள் எவ்வளவு தூரம் விடையளிக்கும் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் கல். திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மறுகால்தலையில், குன்றின் குகைத்தளத்தில், தமிழ் பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி உள்ளது. 1906இல் அறியப்பெற்ற அக்கல்வெட்டு, காசிபன் என்பான் கற்படுக்கை கொடுப்பித்தான் என்கிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய அச்சான்றில் தந்தை பெயரும் இல்லை, ஊர்ப்பெயரும் இல்லை. வமிசம் தேடுவோருக்கு அது வாயில் மட்டுமே.

கழுகுமலை அவ்வாறன்று. பராந்தக நெடுஞ்சடையன் காலமாகிய எட்டாம் நூற்றாண்டு முதலாக அங்கே செதுக்கப்பட்ட திருமேனிகளின் கீழ், வட்டெழுத்தில், நூற்றுக்கு அணுக்கமான சிறு கல்வெட்டுகள் உள்ளன. அவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் அச்சாகியுள்ளன. பொறுமையுடையோர் எவரும் படிக்கலாம். அரைமலை என்பது அன்றைய மலையின் பெயர். திருமேனி செய்வித்தவர் யார், அவர் எவ்வூரினர், எவருடைய மாணாக்கர் என்பனவே அவ்வரிகளின் செய்தி. கோட்டாறு, திருச்சாரணம், குறண்டி, மிழலூர் எனப் பல ஊர்கள் அங்கே ஒன்று கூடுகின்றன. குரத்தியர் எனப்பெற்ற பெண் ஆசிரியர் பலர் தம் பெயரையே பொறித்திருக்கின்றனர். தச்சர், குயவர் முதலான கைத்தொழிலாளரும் திருமேனி செய்வித்தோர் வரிசையில் உள்ளனர். அரசர் பெயர் ஒன்றிரண்டு இடங்களில்தான். எஞ்சியவெல்லாம் எளிய மக்களின் பெயர்கள்.

அப்பெயர்களுள் ஒன்றை வடபகுதிச் சமணர் சற்று நின்று நோக்குதல் வேண்டும். திருநறுங்கொண்டைப் பலதேவக் குரவடிகளின் மாணாக்கர் கனகவீர அடிகள் என்னும் பெயர் அது. திருநறுங்கொண்டை உளுந்தூர்ப்பேட்டைக்கு அணித்தான இன்றைய திருநறுங்குன்றம். அப்பாண்டைநாதர் எழுந்தருளிய தலம். இன்றும் சமணக் குடும்பங்கள் குழந்தைகளோடு மலையேறும் ஊர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அவ்வூர்க்கும் தென்கோடிப் பாண்டிநாட்டுக்கும் போக்குவரத்து இருந்தமைக்கு இவ்வொரு வரி போதும். ஆனால் அது குருவழியைக் காட்டும் வரி, குருதிவழியைக் காட்டுவதன்று. துறவியின் பெயரைக் கொண்டு ஒரு குடும்பத்தின் கொடிவழியை வரைதல் ஆகாது.

இன்னொரு செய்தியும் எண்ணத் தக்கது. திருநெல்வேலி மாவட்டத்துச் சிங்கிகுளத்தில் குன்றின்மேலுள்ள பகவதியம்மன் கோயிலில், தீர்த்தங்கரர் திருவுருவம் ஒன்று முனீஸ்வரர் என்னும் பெயரால் வழிபாடு பெறுகிறது. கோயிலின் பெயர் மாறிற்று. ஊரார் யாவரும் ஊரை விட்டு அகன்றனர் என்று கொள்ள வேண்டியதில்லை. அன்று அக்குன்றில் அருகனை வணங்கியோரின் வழியினர், இன்று முனீஸ்வரருக்கு மாலை சாத்துவோராகவும் இருக்கலாம். திண்டிவனத்துக் குடும்பம் கழுகுமலைக்குக் கொண்டாடும் உரிமையினும், அப்பகுதி உழவர் குடும்பத்தின் உரிமை நெருங்கியதாயிருத்தல் கூடும். இது கசப்பான உண்மையன்று. ஆனால் குலப்பெருமை பேசும்போது மறக்கப்படும் உண்மை.

கல்லுக்கும் தாளுக்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளி உள்ளது. 1801இல் பாளையப்போர் முடிந்து ஆங்கிலேயர் ஆட்சி நிலைத்த பின்னரே, தனிமனிதர் பெயர்கள் தொடர்ச்சியாகக் கிடைக்கும் கணக்குகள் பெருகுகின்றன. அவற்றுள் குடும்ப வரலாற்றுக்கு மிகப் பயன்படுவது இனாம் பதிவேடு. 1858இல் அமைந்த இனாம் ஆணையம், வரியில்லா நிலம் ஒவ்வொன்றுக்கும் உரிமை விசாரித்தது. முதலில் நிலம் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு, வாரிசுகள் எவர் என்றெல்லாம் கட்டம் கட்டி எழுதினர். கோயில் பூசை மானியமோ ஆசிரியர் மானியமோ பெற்ற குடும்பமாயின், ஒரே பக்கத்தில் மூன்று நான்கு தலைமுறை கிடைத்துவிடும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இவற்றைத் தேடலாம். மானியம் இல்லாத குடும்பம் நிலவரித்திட்டப் பதிவேடு, அ பதிவேடு, சிட்டா, சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்று, வீட்டிலுள்ள மூலப்பத்திரம் என்று படிப்படியாகவே பின்னோக்கிச் செல்ல இயலும். கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டபோது ஊர்க்கணக்குகள் கைமாறின. ஆதலால் ஊரில் இல்லையெனில் வட்ட அலுவலகத்தில் கேட்டல் வேண்டும்.

எந்த அலுவலகம் என்பதில்தான் பலர் தடுமாறுவர். பழைய திருநெல்வேலி ஜில்லா இன்றைய மாவட்டமன்று. சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்கள் 1910இல் இராமநாதபுரம் ஜில்லாவுக்குச் சென்றன. கழுகுமலை எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்தது. 1986இல் தூத்துக்குடி மாவட்டத்தின்பாற் பட்டது. தென்காசி 2019இல் தனியாயிற்று. செங்கோட்டையும், திருச்சாரணமாகிய சிதறாலும், கோட்டாறும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் வழிவந்த ஆட்சியில் இருந்தமையால், அவற்றின் பழைய கணக்குகளுக்குத் திருவனந்தபுரம் செல்ல வேண்டிவரும்.

ஆண்டுக் கணக்கும் ஏமாற்றும். வருவாய்க் கணக்கில் பசலி ஆண்டு. ஜூலையில் பிறக்கும் பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். நெல்லைச் சீமைப் பத்திரங்களிலோ கொல்லம் ஆண்டு. ஆவணி முதல் திசம்பர் வரை 824, அதன்பின் 825 கூட்டல் வேண்டும். இதனை அறியாதவர் பாட்டனாரைப் பேரனுக்குப் பின் பிறக்கச் செய்துவிடுவர்!

பெயரைக் கண்டவுடன் மகிழ்தலும் ஆகாது. ‘நயினார்’ என்னும் பட்டம் தமிழ்ச் சமணர்க்கு உரியது என்பது மெய். ஆயின் அவர்க்கு மட்டுமே உரியதன்று. தலைவர் என்னும் பொருளில் அச்சொல் தென்பாண்டி நாட்டில் இறைவன் பெயரோடும் பிற சமூகத்தார் பெயரோடும் வழங்கியுள்ளது. நெல்லை நகரிலேயே நயினார்குளம் உண்டு. மறுபுறம், சமணருள் உடையார், செட்டியார், முதலியார் எனப் பட்டம் கொண்டோரும் உளர். எனவே பத்திரத்தில் பட்டத்தை மட்டும் பார்த்தல் போதாது. சாட்சிக் கையெழுத்து இட்டவர், நான்கெல்லையில் நிலம் உடையவர், பெண் கொடுத்த ஊர் ஆகியவற்றைச் சேர்த்து நோக்கினால்தான் இன்னார் எனத் துணியலாம்.

அரசு அலுவலகம் செல்லுமுன் பரணில் உள்ள ஏடுகளைப் பார்ப்பது நன்று. நூலைப் படித்தறிய இயலாவிடினும், இறுதி ஓலையில் ஏடெழுதியவர் பெயர், தந்தை பெயர், ஊர், ஆண்டு, மாதம் எழுதியிருத்தல் உண்டு. அவ்வோலையை மட்டுமேனும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, ஏட்டெழுத்தும் பழைய தமிழ் எண்களும் அறிந்தவரிடம் காட்டலாம். ஏட்டில் எண்ணெய் பூசுவதும் மை தடவுவதும் பழக்கமுள்ளவர் செய்ய வேண்டியவை. வீட்டார் தாமே முயன்று ஓலையை முறித்துவிட்டால், அத்தலைமுறை அங்கேயே அறுந்துபோகும்.